ஏழடி அகலத்தில் ஒரு பயணம்

நாப்டன் கிராமத்திலிருந்து பான்பரி நகருக்குக் காரில் போனால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. வழியில் படகு இரண்டு முறை சேற்றில் தட்டி நின்றது. ஒரு மரக்கிளை என் மூக்குக் கண்ணாடியைப் பறித்துத் தண்ணீரில் போட்டது. கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களை முந்திப் போனார். அரை மணி கழித்து அதே நாயோடு எதிரே திரும்பி வந்தார்.

மணிக்கு நான்கு மைல் என்பது ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் சட்டப்படியான உச்ச வேகம். கரையோரம் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதியாகக் குறைக்க வேண்டும். என்னோடு வந்தவன் என் சித்தி மகன். பான்பரி பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. பதினொரு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறான். தினமும் காரில் ஒரு பாலத்தைக் கடக்கிறான். பாலத்துக்குக் கீழே ஓடுவது 1778-ல் அந்த ஊருக்கு வந்த கால்வாய் என்பதே அவனுக்கு நான் சொல்லித்தான் தெரியும். "சாக்கடைன்னு நினைச்சேன் அண்ணே" என்றான்.

நான் இந்தப் பயணம் போனதற்கு ஒரு பழைய குற்ற உணர்ச்சிதான் காரணம். பல வருஷங்களுக்கு முன்பு ஓர் ஆங்கில நாவலைத் தமிழில் மொழிபெயர்த்தேன். அதில் கால்வாய்ப் படகு ஒன்று 'லாக்' ஒன்றினுள் நுழையும். தமிழ் எம்.ஏ. படித்த திமிரில் "படகு பூட்டுக்குள் நுழைந்தது" என்று எழுதிவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. புத்தகம் அப்படியே அச்சாயிற்று. பூட்டுக்குள் எப்படிப் படகு நுழையும் என்று ஒரே ஒரு வாசகர் தபாலட்டையில் கேட்டார். அவருக்குப் பதில் போடவில்லை.

இப்போது போடலாம். லாக் என்பது இரண்டு முனையிலும் கதவு வைத்த ஒரு செங்கல் தொட்டி. மேட்டில் இருக்கும் கால்வாயும் பள்ளத்தில் இருக்கும் கால்வாயும் அதில் சந்திக்கின்றன. கீழிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவைச் சாத்த வேண்டும். மேல்பக்கத்து ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் நிரம்பும். தண்ணீரோடு படகும் உயரும். இரு பக்கமும் மட்டம் சமமானால்தான் முன்கதவு திறக்கும், அதுவரை யானை தள்ளினாலும் அசையாது. நம் ஏரி மதகுகளில் பொதுப்பணித்துறை லஸ்கர்கள் திருகுகிற அதே மாதிரி ஷட்டர்தான். இங்கே லஸ்கர் கிடையாது. படகுக்காரரே 'எல்' வடிவத்தில் ஓர் இரும்புக் கைப்பிடியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி, பல்சக்கரத்தைச் சுற்றித் திறக்க வேண்டும். பிறகு கதவோடு சேர்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய மர உத்தரத்தில் முதுகைக் கொடுத்து, குதிகாலை ஊன்றித் தள்ள வேண்டும்.

நாப்டனில் இப்படி ஒன்பது. ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் காலை முழுக்கப் போய்விடும். ஐந்தாவது லாக் முடிவதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. சித்தி மகன் படகின் பின்னால் நின்று சுக்கான் தண்டைப் பிடித்துக்கொண்டு டீ குடித்தான்.

லாக்கின் அகலம் ஏழடி. நீளம் எழுபதடியும் கொஞ்சமும். இதற்குள் நுழைய வேண்டும் என்பதால் படகின் அகலம் ஆறடி பத்து அங்குலத்தைத் தாண்ட முடியாது. ரயில் பெட்டியை நீளவாக்கில் பாதியாக வகுந்து தண்ணீரில் விட்டது போல இருக்கும். 'நேரோ போட்' என்றுதான் பெயர். ஒடுக்கப் படகு, குறும்படகு என்றெல்லாம் நினைத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் கரையில் வாழ்ந்தவர்கள் இந்தச் சிக்கலை என்னைவிட எளிதாகத் தீர்த்தார்கள். 'லாக் நகர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அந்தக் கால்வாய்க்குப் பெயர் கொடுத்த பக்கிங்காம் பிரபு 1875 முதல் 1880 வரை மதராஸ் கவர்னர். தாது வருஷப் பஞ்சத்தில் கூலி வேலை கொடுக்கவென்று கூவத்தையும் அடையாற்றையும் கால்வாயால் இணைத்தார்கள். அதே நீர்வழியில் பின்னால் பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கின. அதை நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளினேன்.

ஒவ்வொரு முறை லாக் திறக்கும்போதும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிறது. போனது போனதுதான். கால்வாயின் உச்சிப் பகுதிக்கு பாடிங்டன், கிளாட்டர்கோட், வோர்ம்லெய்ட்டன் என்ற ஏரிகளிலிருந்து தண்ணீர் வருகிறது. மழை பொய்த்தால் அதுவும் வராது. 'மழைக்குப் பேர்போன இங்கிலாந்தில் கூடவா' என்று கேட்பவர்களுக்கு: 2025 கோடையில் வறட்சியால் அங்கே பல கால்வாய்களில் படகுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். நாங்கள் போன மே மாதத்திலும் லாக்குகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருந்தது. மாலை நான்கு மணிக்குத் தன்னார்வலர்கள் வந்து சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். என் பழைய மொழிபெயர்ப்பு அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் சரி.

ஒன்பதும் ஏறி முடித்தால் உச்சி. பதினொரு மைலுக்கு லாக்கே இல்லை. அந்தப் பதினொரு மைலைப் பார்த்தால் கால்வாயை வெட்டியவருக்கு எங்கேயும் போய்ச்சேர மனமில்லையோ என்று தோன்றும். நேர்க்கோட்டில் ஐந்து மைல்கூட இருக்காது. வோர்ம்லெய்ட்டன் அருகே ஒரு குன்றைக் கிட்டத்தட்ட முழுச் சுற்று சுற்றி வருகிறது. நாப்டன் குன்றின் மேலிருக்கும் காற்றாலை ஒரு சமயம் வலப்பக்கம் தெரியும். பத்து நிமிடம் கழித்து இடப்பக்கம். பிறகு பின்னால். ஒரு பண்ணை வீட்டின் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணை மூன்று கோணங்களில் பார்த்தோம். மூன்றாவது முறை அவரே கையசைத்தார்.

இது பைத்தியக்காரத்தனம் அல்ல, சிக்கனம். ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற மனிதரின் சிக்கனம். 1716-ல் பிறந்தவர். மாவு ஆலைகளின் சக்கரங்களைப் பழுது பார்க்கும் தச்சராகத் தொழில் தொடங்கியவர். எழுத்துக் கூட்டிப் படிப்பதே அவருக்குப் பாடு. சிக்கலான கணக்கு வந்தால் படுக்கையில் போய்ப் படுத்துக்கொள்வார், விடை கிடைத்ததும்தான் எழுந்திருப்பார் என்பார்கள். அவர் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்காகக் கட்டிய கால்வாய் 1761-ல் திறந்தது. மான்செஸ்டரில் நிலக்கரி விலை பாதியாகச் சரிந்தது. அதன் பிறகு நாட்டில் பணம் இருந்தவர்கள் எல்லாம் கால்வாய்க் கம்பெனிப் பங்கு வாங்க ஓடினார்கள். தேம்ஸ், டிரென்ட், மெர்சி, செவர்ன் ஆகிய நான்கு ஆறுகளையும் இணைப்பது பிரிண்ட்லியின் கனவு. (நதிநீர் இணைப்பு என்றதும் நம் வாசகர்களுக்குப் பெருமூச்சு வரும். அவர்கள் செய்து முடித்தார்கள்.) அதில் தேம்ஸை நோக்கிப் போகும் கால்தான் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய். 1769-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது.

குன்று வந்தால் குடைவதற்கும், பள்ளம் வந்தால் மேடு கட்டுவதற்கும் பணம் வேண்டும். பிரிண்ட்லி நிலத்தின் சமமட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போனார். தூரம் கூடினால் என்ன? வழியிலுள்ள கிராமங்களுக்கெல்லாம் கரி இறக்கலாம். சுங்கமும் மைல் கணக்கில்தான். கால்வாயின் அடியில் தண்ணீர் கசியாதிருக்கக் களிமண்ணைக் குழைத்து மிதித்துப் பூசினார்கள். வெட்டியது முழுக்க மண்வெட்டியும் தள்ளுவண்டியும் வைத்திருந்த கூலிகள். 1772-ல் பிரிண்ட்லி இறந்துபோனார். மைத்துனர் சாமுவேல் சிம்காக் வேலையைத் தொடர்ந்தார். 1778-ல் பான்பரியை அடைந்ததும் கையிருப்பு தீர்ந்தது. மீதிப் பாதி ஆக்ஸ்ஃபோர்டைச் சேர 1790 ஜனவரி 1 ஆயிற்று. அந்தக் கடைசிப் பகுதியில் பணமுடை கண்ணுக்கே தெரிகிறது. செங்கல் பாலத்துக்குப் பதில் தூக்குப் பாலம் என்று மரத்தில் ஒப்பேற்றியிருக்கிறார்கள். சில இடங்களில் கால்வாய் வெட்டாமல் செர்வெல் ஆற்றிலேயே படகை இறக்கிவிடுகிறார்கள்.

ஆனாலும் அது வரைக்கும் ஆக்ஸ்ஃபோர்டின் அடுப்புகளுக்குக் கரி எப்படி வந்தது என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். வட கோடியில் நியூகாஸிலிலிருந்து கப்பலேறி, கடல் வழியாக லண்டன் வந்து, அங்கிருந்து தேம்ஸில் எதிர்நீச்சல் போட்டு வந்தது. சாலையில் ஒரு குதிரை ஒன்றிரண்டு டன் இழுக்கும். அதே குதிரையைக் கால்வாய்க் கரையில் நடக்கவிட்டுக் கயிற்றைக் கட்டினால் இருபத்தைந்து டன்னுக்கு மேல் இழுக்கும். பழைய பாலங்களின் மூலைக் கற்களில் அந்தக் கயிறு அறுத்த பள்ளங்கள் இன்றும் இருக்கின்றன. நம் கிணற்றுக் கட்டையில் கயிறு பதிந்த தடம் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு பள்ளத்தில் என் சுண்டுவிரல் முழுக்க இறங்கியது.

ரயில் வந்ததும் எல்லாம் மாறியது. பான்பரிக்கு 1850-ல் ரயில் வந்தது. போட்டியில் கூலி குறைந்தது. கரையில் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் படகுக்காரர்கள் மனைவி மக்களோடு படகிலேயே குடியேறினார்கள். சரக்குக்கு அறுபதடி போக, பின்னால் பத்தடி நீளத்துக்குள் ஓர் அறை. அதில் கரியடுப்பு, மடக்குக் கட்டில், கதவைத் திறந்தால் மேசையாகிற அலமாரி, ஆறேழு பிள்ளைகள். ஊர் ஊராகப் போவதால் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தக்காரர் விடாமல் எழுதி, 1877-லும் 1884-லும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் வந்தன. ஒரு படகில் எத்தனை பேர் வசிக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். கரையில் இருந்தவர்கள் இவர்களை ஜிப்ஸிகள் என்று இளக்காரமாகப் பேசினார்கள். பதிலுக்கு இவர்கள் படகின் கதவு, தண்ணீர்க் குடம், வாளி என்று ஓர் அங்குலம் விடாமல் ரோஜாப் பூவும் கோட்டையுமாக வரைந்து வைத்தார்கள். பித்தளைப் பிடிகள் பளபளக்கும். ஜோ ஸ்கின்னரும் அவர் மனைவி ரோஸும் 1950-களின் இறுதிவரை ஒரு கோவேறு கழுதையை வைத்து 'ஃபிரெண்ட்ஷிப்' என்ற படகை இந்தக் கால்வாயில் இழுத்தார்கள். சொந்தப் படகு வைத்திருந்த கடைசி ஆள் அவர். அந்தப் படகு இப்போது எல்ஸ்மியர் போர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் ஃபென்னி காம்ப்டன் 'சுரங்க'த்தைக் கடந்தோம். சுரங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. மேல் மண்ணை அள்ளித் திறந்த வெட்டாக ஆக்கிவிட்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. அதன் அருகே கட்டினோம். எங்களுக்கு முன்னால் ஒரு பச்சைப் படகு. கூரையில் கரி மூட்டை, சைக்கிள், சூரிய ஒளித் தகடு, ஜெரானியம் தொட்டிகள். அதற்குள்ளிருந்து ஒரு பெண்மணி தலையை நீட்டி, "நாளை கிளேடன் இறங்குகிறீர்களா?" என்று கேட்டார். ஆமென்றோம். "நல்லது. எனக்கு நான்கு கால்கள் தேவைப்படுகின்றன" என்றார்.

எழுபத்தொரு வயது. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்ததும் வீட்டைக் கொடுத்துவிட்டுக் கடன் போக மிஞ்சியதில் இந்தப் படகை வாங்கினார். பத்தொன்பது வருஷம் ஆகிறது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. இடது ரொம்ப மோசம். கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

மறுநாள் காலை கிளேடனின் ஐந்து லாக்குகளில் அவர் படகை முன்னே விட்டோம். சித்தி மகன் அவருக்காகக் கதவு தள்ளினான். நான் எங்கள் படகைப் பின்னால் கொண்டுவந்தேன். மூன்றாவது லாக்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மேல் கதவின் அடியில், தொட்டிக்குள் ஓரடிக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒரு கல் விளிம்பு உண்டு. தொட்டி நிறைந்திருக்கும்போது தெரியாது. தண்ணீர் இறங்கும்போது படகின் பின்பகுதி அதன்மேல் மாட்டினால், பின்பக்கம் அந்தரத்தில் நிற்கும், முன்பக்கம் மூழ்கும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதற்காகத்தான் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். வாடகைக்குப் படகு கொடுத்தவர்கள் இதை இரண்டு முறை சொன்னார்கள். நான் கரையிலிருந்த ஒரு நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷட்டர் திறந்துவிட்டது.

"முன்னால்! முன்னால் போ!" என்று கத்தல் கேட்டது. அந்த அம்மாள், அடுத்த லாக்குக்குப் போகாமல் கரையில் கம்போடு நின்று எங்கள் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் விசையை அழுத்தினேன். கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது, பிறகு விட்டது. சித்தி மகன் முகம் வெளுத்துப்போய் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தான். அவர் வந்து, "நாரைகள் எங்கேயும் போய்விடாது" என்று மட்டும் சொன்னார்.

மதியம் கிராப்ரெடியில் அவர் படகில் டீ கொடுத்தார். 1644-ல் மன்னர் முதலாம் சார்லஸின் படையும் பாராளுமன்றப் படையும் மோதிய ஊர். இப்போது ஆகஸ்டில் நடக்கும் இசைவிழாவுக்குத்தான் பேர். சித்தி மகனின் வேலை என்னவென்று தெரிந்ததும் அவர் ஒரு கடித உறையை எடுத்து வந்தார். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் அவர் முறை நெருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை பான்பரியில் பரிசோதனை.

"வீட்டில் கவனித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். எந்த வீடு என்று கேட்டேன்" என்றார்.

விஷயம் சிரிப்பல்ல. இங்கிலாந்தின் கால்வாய்களில் படகு வைத்திருப்பவர் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். நிரந்தரமாகக் கட்ட ஓர் இடத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். இல்லையென்றால் 1995-ன் சட்டப்படி, எந்த இடத்திலும் பதினான்கு நாளுக்கு மேல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கிராமங்களை ஒட்டிய நல்ல துறைகளில் பெரும்பாலும் நாற்பத்தெட்டு மணி நேரம்தான். இவர் இரண்டாவது வகை. நிரந்தரத் துறைக்கு வாடகை கட்டினால் சாப்பிட முடியாது. முழங்காலை மாற்றினால் ஆறு வாரம் லாக் கதவு தள்ள முடியாது, படகின் படியில் ஏறி இறங்கவும் முடியாது. மாற்றாவிட்டால் இன்னும் ஒரு வருஷத்தில் எப்படியும் தள்ள முடியாது. உடம்பு முடியாதவர்களுக்குச் சலுகை கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. விண்ணப்பித்திருக்கிறார். கடிதங்கள் வருவதற்கு முகவரி வேண்டுமே? பான்பரியில் ஒரு சிநேகிதியின் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். அந்தச் சிநேகிதி மகளோடு வேறு ஊருக்குப் போகப்போகிறார்.

கால்வாய்களைப் பராமரிப்பவர்கள் பக்கமும் பேச நியாயம் இருக்கிறது. 2012 வரை அரசுத் துறை பார்த்துக்கொண்டது. அதன் பிறகு சுமார் 2,000 மைல் நீர்வழி 'கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளையிடம் போயிற்று. இருநூறு வயதான கரைகள், ஏரிகள், பாலங்கள். அரசு மானியம் 2027 முதல் படிப்படியாகக் குறையும் என்று 2023-ல் அறிவித்தார்கள். அந்தத் துண்டை எங்கே தட்டி எடுப்பது? படகுகளிடம்தான். 2024 ஏப்ரலிலிருந்து நிரந்தரத் துறை இல்லாத படகுகளுக்கு உரிமக் கட்டணத்தில் கூடுதல் வரி விழுகிறது. வீட்டு விலை கட்டுப்படியாகாமல் தண்ணீருக்கு வந்தவர்கள் நிறையப் பேர். இன்று கால்வாய்களில் சுமார் 35,000 படகுகள். தொழிற்புரட்சியின் உச்சத்தில்கூட இவ்வளவு இருந்ததில்லை என்கிறது டிரஸ்ட். கம்பெனிகள் கரி ஏற்றிய காலத்தில் கூலி போதாமல் படகில் குடியேறினார்கள். இப்போது வாடகை போதாமல். வாடகைக்குப் படகு எடுத்து விடுமுறை கழிக்க வந்த எங்களைப் போன்றவர்களுக்கு ஜெரானியம் தொட்டி மட்டும்தான் கண்ணில் படுகிறது.

மாலையில் பான்பரி. கால்வாய் ஒரு பெரிய வணிக வளாகத்தின் வயிற்றுக்குள் போகிறது. துணிக்கடைகளுக்கு நடுவே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய பட்டறை: டூலி படகுப் பட்டறை. 1790-லிருந்து இருக்கிறது. எல்.டி.சி. ரோல்ட் என்ற பொறியாளர் 'கிரெஸ்ஸி' என்ற தன் படகை இங்கேதான் சீர்செய்தார். 1939 ஜூலையில் புது மனைவியோடு கிளம்பினார். சில வாரங்களில் உலகப் போர் வந்துவிட்டது. அந்தப் பயணத்தை அவர் எழுதிய 'நேரோ போட்' என்ற புத்தகம் 1944-ல் வெளிவந்தது. செத்துக்கொண்டிருந்த ஓர் உலகத்துக்கு இரங்கற்பா போல எழுதியது, ஆனால் படித்தவர்கள் ஒப்பாரி வைக்கவில்லை. ராபர்ட் ஐக்மன் என்ற வாசகர் ரோல்ட்டுக்குக் கடிதம் போட்டார். இருவரும் சந்தித்தார்கள். 1946-ல் உள்நாட்டு நீர்வழிகள் சங்கம் பிறந்தது. வாசகர் கடிதத்துக்குப் பதில் போடுவதால் என்னென்ன நடக்கிறது பாருங்கள்.

1948-ல் கால்வாய்கள் நாட்டுடைமையாயின. 1962-63 குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தண்ணீர் உறைந்து சரக்குப் படகுகள் நின்றன. மிச்சமிருந்த வியாபாரமும் லாரிக்குப் போயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயின் தென்பாதியை மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. சங்கத்தின் போராட்டமும், போக்குவரத்து அமைச்சர் பார்பரா காஸிலின் 1968 சட்டமும் சேர்ந்து அதை உல்லாசப் படகுகளுக்கான வழியாகக் காப்பாற்றின.

காப்பாற்றாத இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க மூன்றாம் நாள் ரயிலில் ஆக்ஸ்ஃபோர்டு போனேன். கால்வாய் முடிய வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே புதரும் சாலையுமாக முடிந்துவிடுகிறது. கரிப் படகுகள் வந்து நின்ற குளம் இல்லை. கார் அதிபர் வில்லியம் மோரிஸ், அதாவது நஃபீல்டு பிரபு, அந்த இடத்தை வாங்கி 1937-ல் ஒரு கல்லூரிக்குக் கொடுத்தார். போருக்குப் பின் குளத்தைத் தூர்த்தார்கள். நஃபீல்டு கல்லூரி இருக்கிறது. ஓரத்தில் கார் நிறுத்துமிடமும் இருக்கிறது. அவர் தொடங்கிய மோரிஸ் பெயரில் வந்த 'மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு' காரின் 1950-களின் மாடல்தான் நம் அம்பாசிடர். 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது. என் அப்பா வாழ்நாளில் ஏறிய கார்கள் எல்லாமே அதுதான். கல்லூரிக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது யாரை நொந்துகொள்வது என்று விளங்கவில்லை. பக்கத்து ஜெரிகோ பகுதியில் படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. பிலிப் புல்மன் தன் நாவலில் படகு மக்களை உலவவிட்ட பகுதி அது. பட்டறை வீட்டுமனைக்காக 2006-ல் மூடப்பட்டது. புல்மனும் சேர்ந்து போராடினார். இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டது.

நான்காம் நாள் காலை நாப்டனை நோக்கித் திரும்பினோம். எம்40 நெடுஞ்சாலையின் கீழே புகுந்து வெளியே வந்தோம். லாரிகளின் இரைச்சல் இன்னும் காதில் இருக்கும்போதே, நாணல் மண்டிய ஒரு கரையில் அந்தப் பச்சைப் படகு நின்றது. கிராமம் இல்லை, கடை இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. அவர் கரையில் ஒரு மடக்கு நாற்காலியில் இடது காலை வாளி மேல் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். முழங்கால் மேல் உறைந்த பட்டாணிப் பாக்கெட்.

வேகத்தைக் குறைத்தோம். கிராப்ரெடியில் நாற்பத்தெட்டு மணி முடிந்துவிட்டது என்றார். இங்கே பதினான்கு நாள் நிற்கலாம். நாளை பரிசோதனைக்கு ஒரு மைல் நடந்தால் பஸ்.

"இரண்டு லாக் இருக்கிறதே, யார் தள்ளியது?" என்று சித்தி மகன் கேட்டான்.

"கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகை உள்ளே விட்டேன். கதவுக்கு முதுகைக் கொடுத்தேன். நேரம் ஆயிற்று, அவ்வளவுதான்."

அவன் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நாளை தனக்கு டியூட்டி இல்லை, காலையில் காரில் வந்து கூட்டிப் போகிறேன் என்றான். சாலையிலிருந்து இங்கே வர எந்தப் பாலத்தில் இறங்க வேண்டும் என்று எண் கேட்டுக் குறித்துக்கொண்டான். அவர் உள்ளே போய் ஓர் இரும்புக் கைப்பிடியை எடுத்து வந்து நீட்டினார். டீ குடித்த அன்று அவன் மறந்து விட்டுப்போனது.

"இது இல்லாமல் எப்படி மேலே ஏறுவதாக உத்தேசம்?" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கிளேடனை நான்கு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். கிளம்புங்கள்."

மூன்றே முக்காலுக்குக் கடைசிக் கதவை அடைந்தோம். சங்கிலியோடு தன்னார்வலர் ஒருவர் தயாராக நின்றிருந்தார். இந்த முறை அவன் தள்ளினான், நான் வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன்.